வண்டி இடது பக்கம் இழுக்குது

ஜூன் 9, திங்கள்

பயந்துட்டேன். முதல்ல அதை எழுதிடறேன், மத்ததெல்லாம் அப்புறம்.

காலையில பள்ளிக்கூடம் போறப்ப மலையில ஒரு வளைவுல வண்டி தானா இடது பக்கம் ஒதுங்கிப் போய், சைடு கண்ணாடி கைப்பிடிச் சுவர்ல டமார்னு அடிச்சு மடங்கிடுச்சு. பக்கத்து சீட்டுல என் பொண்ணு மிதுனா. "அப்பா!"ன்னு ஒரு கத்து கத்துனா பாருங்க, இன்னும் காதுலயே இருக்குது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். கீழே சேலம் ஊரே தெரியும்.

எத்தனை வருஷமா இந்த ஏற்காடு மலையை ஏறி இறங்கறேன்! கோரிமேட்டுல வீடு, மலை மேல கணக்கு வாத்தியார் வேலை. ஒரு கீறல் விழுந்ததில்லை. மிதுனா அங்கேயே பன்னெண்டாவது படிக்கிறா, தினமும் என் கூடத்தான் வர்றா. எனக்கு என்ன ஆனாலும் போகட்டும். சுவர் பக்கம் உட்கார்ந்திருக்கறது அவ.

என் மேல தப்பு இல்லை. போன வாரம் மண்டை பிளக்கற தலைவலி, வாந்தி. பித்தம்தான். ஆஸ்பத்திரி போலாம்னு என் வீட்டுக்காரி கோகிலா நச்சரிச்சா. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சுட்டுப் படுத்தேன், மறுநாள் எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன். அதனால உடம்புல ஒண்ணுமில்லை. வண்டியிலதான் கோளாறு. இடது பக்கம் இழுக்குது.

ஜூன் 11, புதன்

முன் சக்கரம் இன்னைக்கும் குழியில இறங்குச்சு, நேத்து மாதிரியே. அதே இடது சக்கரம். இறங்கின பிறகுதான் குழி இருக்கறதே தெரியுது. இந்த ரோடு போட்டவனை நிக்க வெச்சுக் கேக்கணும்.

ஜூன் 14, சனி

மெக்கானிக் தனசேகர்கிட்ட வண்டியைக் கொண்டு போனேன். கை சுத்தமான ஆளு. வண்டியைத் தூக்கி நிறுத்தி, லைட்டைப் பிடிச்சுக்கிட்டு அடியில புகுந்தவரு ரொம்ப நேரம் வெளிய வரலை. வந்தப்ப முகமே ஒரு மாதிரி இருந்துச்சு.

"சார், ஷாக்அப்சார்பர்ல ஆயில் கசியுது. லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சு தொங்குது. லிங்க் ராடு ஆடுது. எல்லாம் இடது பக்கம் மட்டும். வலது பக்கம் ஷோரூம்ல இருந்து வந்தாப்பல இருக்குது. எப்படிங்க சார்?"

"ஓரத்துலதானே குழி இருக்குது? அதான்."

"அதுவும் சரிதான்"னாரு. ஆனா தலையைச் சொறிஞ்சாரு.

பிஞ்சு போனதை மட்டும் மாத்தினா மறுபடி பிய்யும். ஒரேயடியா சஸ்பென்ஷனையே நல்லதாப் போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நாலு சக்கரத்துக்கும் கேஸ் ஷாக்அப்சார்பர், கொஞ்சம் கெட்டி ஸ்பிரிங், முன்னாடி தடிமனான ஸ்டெபிலைசர் பார். வளைவுல ஒரு சக்கரம் அமுங்கறப்ப வண்டி ஒரு பக்கமா சாயாம இழுத்துப் பிடிக்கற கம்பி அது. தனசேகரே சொன்னாரு, "தினமும் மலை ஏறற வண்டிக்கு இது தேவைதான் சார். ஆனா ஊருக்குள்ள கொஞ்சம் தூக்கிப் போடும்."

வீட்டுல கோகிலா, "காய்கறி வாங்கப் போற வண்டிக்கு எதுக்குங்க ரேஸ் வண்டி சாமான்?"ன்னா.

பயமா இருக்குதுன்னு அவகிட்ட சொல்லலை. சொன்னா ஓட்டவே விடமாட்டா.

ஜூன் 17, செவ்வாய்

சாமான் இன்னும் வரலை. பஸ்ல போனோம். அப்பாடா! யாரோ ஓட்டறான், நம்ம பாட்டுக்கு உட்கார்ந்திருக்கலாம். எவ்வளவு நிம்மதின்னு எனக்கே ஆச்சரியம்.

இறங்கறப்ப ஒரு அம்மா மேல இடிச்சுட்டேன். "கண்ணு தெரியலையா?"ன்னு ஊரே பார்க்கற மாதிரி கத்துது. ஓரமா நிக்கத் தெரியாம நின்னுட்டு பேச்சைப் பாரு.

வகுப்புல இன்னொரு கூத்து. எட்டாவதுல ராகவின்னு ஒரு பொண்ணு, இடப்பக்க பெஞ்சுல உட்காரும். பாடம் முடிஞ்சதும் கிட்ட வந்து, "சார், எங்க வரிசையில யாரையும் நீங்க கேள்வி கேக்கறதே இல்லைங்க சார், கோவமாங்க சார்?"ங்குது. கேள்வி கேக்கலைன்னு வருத்தப்படற பிள்ளையை இப்பத்தான் பார்க்கறேன். நாளைக்குக் கேக்கறேன்னு சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 18, புதன்

ராகவி வரிசையைக் கேக்கணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்.

பேப்பர்ல தலைப்பு வைக்கறவனுக்கு என்ன வந்துச்சோ தெரியலை. ‘பாடு நீங்கும்: அமைச்சர்’னு போட்டிருக்கான். என்ன பாடு, யார் படற பாடுன்னு சிரிச்சேன். கோகிலா வாங்கிப் பார்த்துட்டு, "தண்ணீர்த் தட்டுப்பாடு நீங்கும்னு இருக்குதுங்க"ன்னா. சிரிக்கலை அவ. கண்ணாடி மாத்தணும் போல.

ஜூன் 21, சனி

மாட்டியாச்சு!

காலையில இருந்து தனசேகர் பட்டறையிலேயே கிடந்தேன். பழைய ஷாக்அப்சார்பரைக் கழட்டிக் கையில கொடுத்தாரு. அமுக்கினா அமுங்கினபடியே நிக்குது, மேல வர மனசே இல்லை அதுக்கு. இதை நம்பித்தான் என் பொண்ணை உட்கார வெச்சு மலை ஏறிக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் வீல் அலைன்மென்ட் பார்த்து, அவரே பைபாஸ்ல ஓட்டிக் காட்டினாரு. நேர் ரோட்டுல ரெண்டு கையையும் ஸ்டியரிங்கை விட்டு எடுத்துட்டாரு. வண்டி நூல் பிடிச்ச மாதிரி நேராப் போச்சு.

"இழுக்குதாங்க சார்?"

"இல்லை."

"இனிமே இழுக்காது."

வீட்டுக்கு வர்ற வழியில ஸ்பீட் பிரேக்கர்ல கோகிலா எகிறி விழுந்தா. "இடுப்பு கழண்டு போச்சு. மாட்டு வண்டியே தேவலை"ன்னு திட்டறா. திட்டட்டும். இன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

அடடா, என்ன வண்டி! வளைவுல படுக்கறதே இல்லை. திருப்பினா திரும்புது, விட்டா நிமிருது. முன்னாடி ஊர்ந்து போன இடமெல்லாம் இன்னைக்கு மூணாவது கியர்ல ஏறினேன். மிதுனா கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. "மெதுவாப் போங்கப்பா"ன்னா. "இப்ப பயமில்லை கண்ணு, சஸ்பென்ஷன் மாத்தியாச்சு"ன்னேன்.

அவ வர வர வாய் ஓயாமப் பேசறா. "அப்பா, இடப்பக்கம் ஒரு மாடு." "அப்பா, ஓரத்துல பைக் நிக்குது." என்னடி இது ரன்னிங் கமென்ட்ரின்னு கேட்டா, டிரைவிங் கத்துக்கப் போறாளாம், ரோட்டைப் பார்த்துப் பழகறாளாம். நல்லதுதான்.

ஒண்ணு மட்டும் புரியலை. வளைவு திரும்பத் திரும்பப் பள்ளம் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் வரும். வலது கைப் பக்கம் வர்றப்ப எனக்குக் குலை நடுங்குது. இடது கைப் பக்கம் வர்றப்ப ஒண்ணுமே தோணலை. பள்ளம் இருக்கற நினைப்பே இல்லை. பழகிடுச்சோ என்னவோ.

ஜூன் 24, செவ்வாய்

மறுபடி இழுக்குது.

இடது பக்கக் கதவு முழுக்க நீளமா ஒரு கோடு. எங்கே உரசினதுன்னே தெரியலை. சத்தம் கேட்டுச்சு, பார்த்தா ஒண்ணும் இல்லை. மிதுனா இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ்னு முன்னாடியே பஸ்ல போயிட்டா, கூட வரலை. நல்லவேளை. அவ உட்கார்ற கதவு.

இவ்வளவு சாமானையும் மாத்தின பிறகும் இழுக்குதுன்னா வேற என்ன? அடியில இருக்கற சேசிஸ் சட்டமே வளைஞ்சு போச்சா? பள்ளிக்கூடத்துல இறங்கினதும் பாத்ரூம் போய் முகத்தைக் கழுவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன்.

ஜூன் 25, புதன்

சாயங்காலம் தனசேகரைப் பிடிச்சு நல்லாக் கேட்டுட்டேன். மனுஷன், "வாங்க சார், மலைக்கே போய்ப் பார்த்துடலாம்"னாரு.

அவரு ஓட்டினாரு. ஒரு இழுப்பும் இல்லை. அத்தனை வளைவும் வெண்ணெய் மாதிரி. ஒரு இடத்துல இடம் மாறினோம். நான் ஓட்டினேன். ரெண்டு வளைவுகூட போகலை, "சார்! சார்! ஓரம்! சார்!"னு அலறிட்டாரு. அவரு கால் தரையை பிரேக்குன்னு நினைச்சு மிதிக்குது.

வண்டியை நிறுத்தினேன். 

"வண்டி நல்லாத்தான் இருக்குது சார்"னாரு, என்னைப் பார்க்காம. "நீங்க நாலு நாள் லீவு போட்டு ஓய்வா இருங்களேன்."

வந்துச்சே கோவம். "ஏங்க, வண்டியை ரிப்பேர் பண்ணத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, எனக்கு எதுக்கு வைத்தியம்?"னு கேட்டுட்டேன்.  இறங்கறப்ப அவருதான் ஓட்டினாரு. எனக்கும் அதுதான் வேண்டியிருந்துச்சு. அதை மட்டும் அவருகிட்ட சொல்லலை.

ஜூன் 27, வெள்ளி

காரை எடுக்கறப்ப சாமி கும்பிடறேன் இப்ப. யாருக்கும் தெரியாம.

ஜூன் 29, ஞாயிறு

கோகிலாவோட சித்தப்பா மகன் கல்யாணம். ஓமலூர் மண்டபம். காரை மாமனார் வீட்டு ஆளுங்க ஓட்டினாங்க, நான் பின்னாடி உட்கார்ந்து தூங்கிட்டே போனேன்.

பந்தியில எனக்கு மானம் போச்சு. இலை போட்டாங்க, சாதம் வந்துச்சு, பொரியல், கூட்டு எல்லாம் வந்துச்சு. உப்பு இல்லை. ஊறுகாய் இல்லை. ஸ்வீட்டும் வைக்கலை. பக்கத்து இலைக்காரன் ஜிலேபியை ருசிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கான். பரிமாறினவரைக் கூப்பிட்டு, "ஏங்க, ஆளைப் பார்த்துத்தான் ஸ்வீட் வைப்பீங்களா?"ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். அவரு என் இலையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, கிண்டல் பண்றேன்னு நினைச்சுச் சிரிச்சுட்டுப் போயிட்டாரு. மாப்பிள்ளைக்கே மச்சான் முறை நான், என்னைப் பார்த்துச் சிரிக்கறான்!

எதிர்வரிசையில கோகிலா சாப்பிடாம என் இலையையே பார்த்துக்கிட்டு இருந்தா. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. அவளுக்கும் அவமானமாத்தான் இருந்திருக்கும்.

ராத்திரிச் சோறு வேண்டாம்னுட்டா. "நாளைக்கு பஸ்லயே போயிடலாமேங்க"ன்னா. வண்டிக்கு இவ்வளவு பண்ணி வெச்சுட்டு பஸ்ல போறதா? மாட்டேன்னேன். "அப்ப மிதுனா பஸ்ல போகட்டும்"னா. மிதுனா உள்ள இருந்து, "இல்லம்மா, நான் அப்பாகூடத்தான் போவேன்"னு ஒரே பிடியா நின்னுட்டா. அம்மாவும் பொண்ணும் சமையல்கட்டுல ரொம்ப நேரம் குசுகுசுன்னு பேசினாங்க. நான் போனதும் நிறுத்திட்டாங்க.

ஜூன் 30, திங்கள்

எழுதக் கை வரலை. ஆனா எழுதணும்.

காலையில லேசா மூடுபனி. கல்யாண அலைச்சல்ல மிதுனா வண்டியில ஏறினதும் தூங்கிட்டா. அதனால வழியில பேச்சே இல்லை. வண்டி அருமையாப் போச்சு. பள்ளிக்கூடம் வர்றதுக்கு முன்னாடி ஒரு இடது வளைவு. ரோட்டுல யாரும் இல்லை. சாமி சத்தியமா யாரும் இல்லை.

இடது சக்கரம் தார் ரோட்டை விட்டுக் கீழ இறங்குச்சு. அந்தக் குலுக்கல்ல மிதுனா முழிச்சா. முழிச்ச வேகத்துல "அப்பாஆஆ!"ன்னு கத்திக்கிட்டே ஸ்டியரிங்கைப் பிடிச்சு வலது பக்கம் ஒடிச்சா. வண்டி குறுக்கே பாஞ்சு எதிர்ப்பக்கப் பாறைகிட்டப் போய் நின்னுச்சு. எதிர்ல பஸ் வந்திருந்தா இதை எழுத ஆளில்லை. பழைய ஸ்பிரிங்கா இருந்திருந்தா அந்த ஒடிப்புக்கே வண்டி உருண்டிருக்கும். நாலு சக்கரமும் தரையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அந்த நிமிஷத்துலகூட ‘நல்ல சஸ்பென்ஷன்’னு ஒரு நினைப்பு வந்துச்சு எனக்கு. வெட்கமா இருக்குது.

மிதுனா இறங்கி ஓடினா. நானும் இறங்கிப் போனேன். ஓரத்துக் கால்வாய்க்குள்ள ஒரு பொண்ணு விழுந்து கிடக்குது. பள்ளிக்கூட யூனிஃபார்ம். ராகவி. முழங்கால் பூரா சிராய்ப்பு. குதிச்சிருக்குது. குதிக்காம இருந்திருந்தா...

"எங்கேம்மா நின்ன நீ? நான் பார்க்கவே இல்லையே!"

"ரோட்டோரமாத்தாங்க சார். வணக்கம் சொல்லக் கை தூக்கினேன் சார். நீங்க நேரா என் மேலயே வந்தீங்க சார்."

அது அழலை. மிதுனாதான் அழுதா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அம்மா மடியில விழுந்து, "நான் தூங்கிட்டேன்ம்மா. நான் தூங்கியிருக்கக் கூடாதும்மா"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றா. ஓட்டினவன் நான். இவ தூங்கினா என்ன, தூங்காட்டி என்ன?

அதை எழுதினப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, இவ ஏன் வாய் ஓயாமப் பேசினான்னு.

ஜூலை 1, செவ்வாய்

லீவு போட்டுட்டேன். மத்தியானம் கோகிலா சாப்பிடக் கூப்பிட்டா. கீழே பாய் போட்டு வாழை இலை விரிச்சிருந்தா, விருந்துக்குப் போடற மாதிரி. செவ்வாய்க்கிழமையில என்ன விசேஷம்னு கேட்டேன். "சும்மாதான், உட்காருங்க"ன்னா. 

பரிமாறிட்டு எதிர்ல உட்கார்ந்தா. மிதுனா கதவுகிட்ட நின்னா.

"எல்லாம் இருக்குதாங்க?"

பார்த்தேன். சாதம், பருப்பு, பீன்ஸ் பொரியல், அப்பளம். "உப்பும் ஊறுகாயும் எங்கே? ஸ்வீட் பண்ணலையா?"

கோகிலா இலையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, சோறு சிந்தாம மெதுவா அப்படியே திருப்பினா. நுனி என் வலது கைப் பக்கம் வந்துச்சு.

"ஏய்! என்னடி பண்றே! எழவு வீட்டுலதான் இப்படிப் போடுவாங்க! நான் இன்னும் சாகலை!"

"பாருங்க"ன்னா. கண்ணுல தண்ணி கொட்டுது. "திட்டுங்க, பரவாயில்லை. முதல்ல இலையைப் பாருங்க."

பார்த்தேன்.

உப்பு இருந்துச்சு. மாங்காய் ஊறுகாய் இருந்துச்சு. முந்திரி போட்ட கேசரி இருந்துச்சு, நெய் மினுமினுக்க.

பொரியலைக் காணோம்.

கையை நீட்டித் தடவினேன். இலையில ஈரமா பீன்ஸ் தட்டுப்பட்டுச்சு. அங்கேயேதான் இருந்துச்சு. கழுத்தைத் திருப்பினேன், வந்துச்சு. நிமிர்ந்தேன், போயிடுச்சு. இருட்டாக்கூட இல்லைங்க. இருட்டா இருந்தா தெரிஞ்சிருக்குமே. அங்கே ஒண்ணு இருக்கணும்கறதே தெரியலை. பள்ளம், குழி, ராகவி, இடப்பக்க பெஞ்சு, சுவரோரமா உட்கார்ந்திருந்த என் பொண்ணு, எல்லாம் அங்கேதான் இருந்திருக்குது.

இவ்வளவு நாளா பயந்தேன்னு எழுதினதெல்லாம் பயமே இல்லை. இதுதான் பயம்.  மிதுனா ஓடி வந்து கட்டிக்கிட்டா. எந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான்னு கை பட்டப்பத்தான் தெரிஞ்சுச்சு.

கார் சாவியை எடுத்து கோகிலா கையில கொடுத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

ஆஸ்பத்திரியில ரெண்டு ராத்திரி வெச்சிருந்தாங்க. கண்ணு ரெண்டும் நல்லா இருக்குதாம். மூளையில பின்பக்கம், பார்க்கறதை வாங்கிக்கற இடத்துல ரத்தக்குழாய் அடைச்சிருக்குது. அன்னைக்கு வந்த அந்தத் தலைவலிதான். இடது பக்கப் பார்வை கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாமாம். மாத்திரை, பயிற்சி எல்லாம் இருக்குது. வண்டி ஓட்டவே கூடாது. டாக்டர் அதைச் சொல்றப்ப நான் தலையை ஆட்டினதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். சண்டை போடுவேன்னு நினைச்சிருப்பாரு போல.

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக தனசேகர் நம்ம வண்டியை எடுத்துட்டு வந்தாரு. அன்னைக்குப் பேசினதுக்கு மன்னிச்சுக்கங்கன்னேன். "அட விடுங்க சார். நானும் இடது பக்கத்தையே பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன்ல"ன்னாரு.

இடது சீட்டுல உட்கார்ந்தேன். மிதுனாவும் கோகிலாவும் பின்னாடி. மிதுனா உட்கார்ற இடத்துல நான் உட்கார்றது இதுதான் முதல் தடவை. கதவுக் கைப்பிடி லூசா ஆடுச்சு. எவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருந்தா அது அப்படி ஆகியிருக்கும்!

நேர் ரோடு வந்தப்ப தனசேகர் என்னைப் பார்த்துட்டு, ஒரு நொடி ரெண்டு கையையும் ஸ்டியரிங்கை விட்டு எடுத்தாரு. வண்டி நேராப் போச்சு. இழுக்கவே இல்லை.

கோரிமேடு திரும்பறப்ப, ஓட்டறது நான் இல்லைங்கறதை மறந்துட்டு, பின்னாடி இருந்து மிதுனா சொன்னா: "அப்பா, இடப்பக்கம் ஒரு மாடு."

கழுத்தை முழுசாத் திருப்பிப் பார்த்தேன். நின்னுக்கிட்டு இருந்துச்சு.